கணக்கில் வராத உப்பு

மூச்சு முட்டினால் எங்கள் ஊரில் யாரும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வாய்வு என்று சொல்லி இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ குடிப்போம். அதற்கும் அடங்காவிட்டால் கண்ணூறு என்போம். நானும் அப்படித்தான் செய்தேன். ஐம்பது தாண்டியும் தடிமன் காய்ச்சலைத் தவிர வேறு வருத்தம் அறியாதவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. பிரஷர் இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிக் குளிசையும் தந்தார்கள்தான். தலை சுற்றாதவனுக்கு எதற்குக் குளிசை என்று அதை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

இப்போது சுகமாக இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். சுகமாக இருக்கிறவன் எதற்கு ஆஸ்பத்திரிக் கதை எழுதுகிறான் என்று கேட்பீர்கள். என் மகள்தான் எழுதச் சொன்னாள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி நான் வியாபாரத்தைக் கெடுக்கிறேனாம். எழுதி வைத்தால் வாசிக்கக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமாம். பெற்ற பிள்ளை சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

நான் கற்பிட்டியில் கருவாட்டு வியாபாரி. கடற்கரையோரக் கொட்டில்களான வாடிகளில் காயப்போட்டு எடுக்கிற மீனை வாங்கி, தரம் பிரித்து, கட்டுக் கட்டி, கொழும்புக்கு லொறி ஏற்றுவது என் தொழில். தரம் பிரிப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. முள்ளோடு ஒட்டிய சதையில் ஒரு பிய்ப்பு எடுத்து வாயில் போட்டேன் என்றால், உப்பு எப்படி ஏறியிருக்கிறது, மீன் எத்தனை வெயில் கண்டது, போகும் வழியில் கெடுமா கெடாதா என்று சொல்லிவிடுவேன். தராசு பொய் சொன்னாலும் என் நாக்குப் பொய் சொல்லாது என்று வாடிக்காரர்களே சொல்வார்கள். அதைக் கேட்டுத் தலை கனத்தவன் நான். அந்த நாக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மல்லாந்து படுக்க முடியாமல் போனது. படுத்தால் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். எழுந்து உட்கார்ந்தால் சரியாகும். தலையணைக்கு மேல் தலையணை அடுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் சாய்மனைக் கதிரையிலேயே தூங்கப் பழகிக்கொண்டேன். கால் வீங்கியது. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கும். விரலால் அமுக்கினால் பிசைந்த மாவில் அமுக்கிய மாதிரி குழி விழுந்து, மெதுவாக நிரம்பும். என் மனைவி நஸீமா அதைப் பார்த்துப் பயந்தாள். நாள் முழுக்க நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும் என்று நான் அவளை அதட்டினேன்.

ஒரு நாள் பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் தனியாக சுன்னத்துத் தொழுதுகொண்டிருந்தேன். ஸுஜூதுக்குப் போனவனால் எழும்ப முடியவில்லை. நெற்றி பாயில் இருக்கிறது, மூச்சு எங்கேயும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள், மனுஷன் உருகி உருகித் துஆக் கேட்கிறான் என்று நினைத்துத் தொந்தரவு செய்யாமல் இருந்தார்களாம். என் மருமகன் ரிஸ்வானுக்குத்தான் சந்தேகம் வந்தது. அவன் அறிந்தவரை நான் அவ்வளவு நேரம் துஆக் கேட்கிற ஆள் இல்லை. தோளைப் பிடித்துத் தூக்கி, ஓட்டோவில் போட்டுக் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அங்கே ஊசி போட்டு, ஒக்சிஜன் மாட்டி, அம்புலன்ஸில் புத்தளத்துக்கு அனுப்பினார்கள். பாலாவி வந்தபோது உப்பளத்தின் வெள்ளைக் குவியல்கள் ஜன்னலில் போனது ஞாபகம் இருக்கிறது. அந்த வெள்ளைக்கும் எனக்கும் ஒரு வழக்கு ஓடுகிறது என்று அன்று எனக்குத் தெரியாது.

புத்தளம் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். அது நெஞ்சில் சின்னச் சின்ன வட்டங்களை ஒட்டி இதயத்தின் துடிப்பைக் கடதாசியில் கோடாக எழுதுகிற பரிசோதனை. நோகாது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுதான் நோகும். பிறகு நீர் பிரிய ஊசி போட்டார்கள். அப்பா, அந்த ஊசியின் வேலையை என்னவென்று சொல்வது. எனக்குள் இவ்வளவு தண்ணீர் இருந்ததா என்று வெட்கமாகப் போகும் அளவுக்குப் போத்தலை நிரப்பினேன். பொழுது சாய்ந்து மஃரிபு வருவதற்குள் மூச்சு நெஞ்சுக்குள் இறங்கியது. காற்று இவ்வளவு இனிப்பானது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

வார்டைப் பார்த்துக்கொண்ட டொக்டர் ஓர் இளம் சிங்களப் பெண். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். இதயத்தைப் படம் பிடிக்கிற எக்கோ என்ற ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் நின்று விளக்கினார். இதயம் என்பது வெங்காயத் தோட்டத்து மோட்டர் மாதிரி. ஓயாமல் இறைக்க வேண்டும். வருஷக்கணக்காகப் பிரஷர் கூடி நின்றதால், அந்த அழுத்தத்துக்கு எதிராக இறைத்து இறைத்து என் மோட்டர் களைத்துப் போயிற்று. முன்னால் தள்ள வேண்டியதை முழுசாகத் தள்ள முடியாமல் பின்னால் தேங்குகிறது. தேங்கிய நீர்தான் நுரையீரலில் கசிகிறது, காலில் இறங்குகிறது. கடதாசியில் இதயச் செயலிழப்பு என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை வாசித்து நஸீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நின்று போகவில்லை, பலவீனமாகி இருக்கிறது, குளிசையாலும் பழக்கத்தாலும் காப்பாற்றலாம் என்று டொக்டர் அவள் கையைப் பிடித்துச் சொன்னார். ஆனால் இன்னொன்றும் சொன்னார். இப்படி ஒவ்வொரு முறை தண்ணீர் ஏறும்போதும் இதயம் கொஞ்சம் தேயும். அடிக்கடி ஏறினால், ஒரு முறை இறங்காமலே போகலாம்.

பிறகுதான் உப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். எனக்கு உடனே விளங்கியது. மாரி காலத்தில் மழை படாத அறையில் வைத்தாலும் உப்பு மூட்டை தானாக நனைந்து நிற்கும். எங்கிருந்தாவது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதே வேலையை என் உடம்புக்குள்ளும் அது செய்திருக்கிறது. கருவாடு, அப்பளம், ஊறுகாய், கடையில் விற்கிற மிக்ஸர் எல்லாம் வேண்டாம். கறியில் பாதி உப்பு. தினமும் கொஞ்சம் நடை. கருவாட்டு வியாபாரி கருவாடு தின்னக் கூடாதாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த மாம்புரி மீனவர் அந்தோனி அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அவருடைய ஈசிஜி ஒயர் கழன்றுவிட்டது.

அரசாங்க ஆஸ்பத்திரி என்றாலும் வெளியே எடுத்த எக்கோவுக்கும் சில மருந்துக்கும் காசு போயிருக்கும். எவ்வளவு என்று ரிஸ்வான் இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், பிறகு பார்க்கலாம் மாமா என்பான். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. மகள் ஸஹ்ரா என் தாடியைச் சீவிவிட்டாள். ஆறு வயதில் அவள் தலையை நான் சீவிவிட்டதற்கு அதுதான் பழிவாங்கல் என்றாள். அந்தோனி அண்ணனின் மனைவி தன் புருஷனுக்குக் கொண்டு வந்த தோடம்பழத்தில் பாதியை உரித்து என் தட்டிலும் வைத்துவிட்டுப் போவார். அந்தக் கட்டிலில் நான் அழுதேன் என்றால் அது பயத்தால் மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நஸீமா அடுப்படியில் ஆட்சியை மாற்றினாள். உப்புப் போத்தல் கைக்கு எட்டாத தட்டுக்குப் போனது. எனக்கென்று தனியாக ஆக்கினால் நான் தனிமைப்பட்டுப் போவேன் என்று வீட்டுக்கே ஒரே சமையல். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். பெரிய தட்டில் சோறு குவித்து, ஆணம் என்கிற குழம்பு, சுண்டல், பொரியல் எல்லாம் அதிலேயே பங்கு வைத்து, பிஸ்மி சொல்லி, சின்னப் பீங்கானில் இருக்கிற உப்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துத்தான் தொடங்குவோம். எங்கள் பக்கத்து விருந்துகளிலும் அந்த உப்புப் பீங்கான்தான் முதலில் சுற்றி வரும். நஸீமா அந்தப் பீங்கானையும் எடுத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றேன். குப்பையில் போகப் போவது பண்டமா நீங்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அப்படியும் ஒவ்வொரு நாளும் முதல் கவளத்தில் முகத்தைச் சுளித்து, உப்பு இல்லை என்று ஒரு பெருமூச்சு விட்டுத்தான் சாப்பிட்டேன். ரிஸ்வானும் ஸஹ்ராவும் தேசிக்காய் பிழிந்துகொண்டு விழுங்குவார்கள்.

குளிசையும் ஒழுங்காகப் போட்டேன். நஸீமா கையில் வைத்து, நான் விழுங்கும் வரை நின்று பார்ப்பாள். இவ்வளவு செய்தும் கிளினிக்கில் பிரஷர் இறங்கவில்லை. நிறை கூடியிருந்தது. சதை போட்டுக் கூடிய நிறை அல்ல, தண்ணீர் நிறை. கணுக்காலில் மறுபடி குழி விழுந்தது. டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் சமைப்பது என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை. ஆனால் நஸீமா, பாடம் சொல்லத் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றாள். நான்தான், பாதிக்கும் குறைவாகத்தான் போடுகிறேன் என்றாள். இன்னும் குறைத்துப் பாருங்கள் என்றார் டொக்டர்.

அன்றிலிருந்து அவள் உப்பே போடவில்லை. கொறுக்காய்ப் புளியும் கொச்சிக்காய் உறைப்பும் மிளகும் வைத்து என்னென்னவோ வித்தை செய்தாள். பாண் உப்புக் கூடியது என்று காலையில் பாணை நிறுத்தி அப்பம் சுட்டாள். அளவு பிழைக்கக் கூடாது என்று தன் கையால் அல்லாமல் யாரையும் அடுப்பில் தொடவிடவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு காலையில் நான் வாடியில் தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி அம்புலன்ஸ், மறுபடி பாலாவி, மறுபடி அதே வார்டு. ஒக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே நஸீமாவின் கண்கள் தெரிந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஆஸ்பத்திரியில் போட்டது அந்தக் கைகள்தான் என்று அவள் நினைத்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அன்று உண்மையான பயம் வந்தது. முதல் முறை வந்தது அறியாமையால். இந்த முறை சொன்னதெல்லாம் செய்தும் வந்திருக்கிறது. அப்படியென்றால் இனிச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றுதானே அர்த்தம். இந்த இதயம் இனித் தேய்வதற்கு மட்டும்தான் இருக்கிறது என்று முடிவு செய்து, எனக்குப் பிறகு கடையை எப்படி நடத்துவது என்று ரிஸ்வானிடம் வஸிய்யத்து மாதிரிப் பேசத் தொடங்கினேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மூச்சு சீரானதும் டொக்டர் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். காலையில் எழும்பினதிலிருந்து படுக்கும் வரை வாயில் போடுகிற எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். நான் மறைக்காமல் சொன்னேன். அப்பம், தேங்காய்ப்பால் சொதி, சோறு, மீன் ஆணம், முருங்கை இலைச் சுண்டல், சீனி குறைந்த பிளேன்டீ. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதில் பிழை ஒன்றும் இல்லையே என்றார். நஸீமா தலையைக் குனிந்தபடி நின்றாள்.

அடுத்த நாள் பகல் பார்வையாளர் நேரத்தில் ரிஸ்வான் வந்தான். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். ஒரு வாடிக்காரர் நல்ல விலைக்குச் சீலாக் கருவாடு தருகிறாராம், லொறி நிற்கிறதாம், எடுப்பதா விடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. தயங்கித் தயங்கி, மாமா இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டான். சாகப் போகிறவனிடம் ஒருவன் தொழில் கேட்கிறான் என்றால் அதைவிட மருந்து ஏது. எழுந்து சாய்ந்து உட்கார்ந்தேன். முள்ளோரம் ஒரு பிய்ப்பு எடுத்து வாயில் போட்டு மென்றேன். வயிற்றுப் பக்கம் இன்னொன்று. வால் பக்கம் இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு, எடுக்கலாம், வால் பக்கம் மட்டும் ஒரு வெயில் குறைவு என்றேன்.

கண்ணைத் திறந்தால் நஸீமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?" என்றாள்.

"சரக்குப் பார்த்தேன்."

"இத ஒரு நாளைக்கு எத்தின தரம் பாப்பீங்க?"

"வாற சரக்கப் பொறுத்து. ஒவ்வொரு கட்டுலயும் பாக்கணுமே."

"பாத்துட்டுத் துப்புவீங்களா, முழுங்குவீங்களா?"

"மீனத் துப்புறதா?" என்று கேட்டேன். கேட்டபோதே, பெரிய கிணற்றில் கல் விழுகிற மாதிரி, ஏதோ ஒன்று எனக்குள் கீழே போவது தெரிந்தது.

அல்லாஹ் அறிய, நான் அவளிடமிருந்தோ டொக்டரிடமிருந்தோ எதையும் ஒளிக்கவில்லை. கருவாடு தின்னாதீர்கள் என்றார்கள், நான் தின்னவில்லை. சோற்றோடு தட்டில் வருவதுதான் தின்பது. வாடியில் நின்று சரக்குப் பார்ப்பது வேலை. தையற்காரன் துணியை அளப்பதை உடுப்பது என்று யாராவது சொல்வார்களா? சின்ன வயதிலிருந்து செய்கிற தொழில் என் கணக்கில் சாப்பாடாக வந்ததே இல்லை. விடிந்ததிலிருந்து பின்னேர அஸர் வரைக்கும் ஒவ்வொரு வாடியிலும் ஒவ்வொரு கட்டிலும், உப்பில் ஊறிய சதையை மென்று விழுங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து உப்பில்லை என்று பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

நஸீமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத்தின மாசமா ஊட்டுல எல்லாரும் உப்பில்லாமத் தின்ற. என்ட கைதான் உங்களக் கொல்லுதுன்னு நான் ஒவ்வொரு தொழுக வக்துலயும் அழுது துஆக் கேட்டேன். என்ட கை இல்ல. அல்ஹம்துலில்லாஹ், என்ட கை இல்ல."

சொல்லிவிட்டு அந்தக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்த்தால் இரண்டும்தான். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதே நேரம் மனசுக்குள் ஒரு பெரிய நிம்மதியும் வந்தது. செய்வதற்கு இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் இன்னும் முடிந்து போகவில்லை.

டொக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் வந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். நான் உடனே கையைத் தூக்கி, நாளையிலிருந்து தொழிலையே விட்டுவிடுகிறேன், ஒரு துண்டும் வாயில் படாது என்று சத்தியம் செய்யப் போனேன். அவர் தடுத்தார்.

"ஐயா, எல்லாம் விடுறன் எண்டு சொல்ற ஆக்கள் ஒரு கிழமையில திரும்பி வாறாங்க. அடுத்த கிளினிக்குக்கு முதல் உங்களால உண்மையா செய்ய ஏலுமான ஒண்டச் சொல்லுங்க. ஒண்டு போதும்."

துப்புவேன் என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. மென்று, துப்பி, ஒரு போத்தல் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது. கேட்க லேசாக இருக்கிறது. மீனைத் துப்ப என் தொண்டைக்குத் தெரியவில்லை. முதல் நாட்களில் பாதியைத் துப்பி பாதியை விழுங்கினேன். வாடிக்காரர் ஒருவர் தன் சரக்கை நான் காறித் துப்புகிறேன் என்று நினைத்து முகம் கறுத்தார். அவரை உட்கார வைத்து முழு ஆஸ்பத்திரிக் கதையையும் சொல்ல வேண்டி வந்தது. துப்புவது பழகிய பிறகு, ஒவ்வொரு கட்டிலும் பார்ப்பதை விட்டு ஒரு வாடிக்கு ஒரு தரம் என்று குறைத்தேன். மற்றதற்குக் கையையும் மூக்கையும் வேலைக்கு எடுத்தேன். வாலை வளைத்துப் பார்ப்பேன், வயிற்றைப் பெருவிரலால் அமுக்குவேன், செவுள் பக்கம் முகர்வேன். தொடக்கத்தில் கை பொய் சொன்னது. அப்படி வாங்கிய கட்டா மீன் கருவாட்டுச் சரக்கு ஒன்று கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு துண்டை மென்று விழுங்கிவிட்டேன். வீட்டில் வந்து சொன்னேன். நஸீமா அன்றைக்கு நான் குடிக்கக்கூடிய தண்ணீரைக் குறைத்து அளந்து தந்தாள். நாளைக்குப் பார்ப்போம் என்றாள். அடுத்த நாள் காலையில் மறுபடி துப்பினேன்.

நடையையும் அப்படித்தான் கூட்டினேன். எங்கள் தெருப் பள்ளிக்கு அஸர் தொழ நடந்து போனதுதான் முதல் நடை. அதுவரை அந்தத் தூரத்துக்கும் மோட்டார் சைக்கிள். இளைப்பு இல்லாமல் போய் வரப் பழகியதும், அடுத்த தெருப் பள்ளியில் தொழுதேன். அதுவும் பழகியதும் கடற்கரைப் பள்ளி. எங்கள் ஊரில் பள்ளிகளுக்குப் பஞ்சம் இல்லை, ஆகவே என் நடைக்கும் படிக்கட்டுக்குப் பஞ்சம் இல்லாமல் போனது. ஆனால் ஊர் சும்மா இருக்குமா. ஒரு நாள் எங்கள் தெருப் பள்ளியின் தலைவரும் இன்னும் இருவரும் பிஸ்கட் பைக்கற்றோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நிர்வாகத்தில் யாராவது உங்கள் மனம் நோகப் பேசினார்களா, ஏன் பள்ளி மாறித் தொழுகிறீர்கள் என்று கேட்டார்கள். சமாதானம் பேச வந்திருக்கிறார்கள். இதயம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நான் சொல்ல, மனம் நொந்துதான் இருக்கிறது என்று அவர்கள் முடிவே செய்துவிட்டார்கள். ரிஸ்வான் விளங்கப்படுத்திய பிறகு தலைவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, எந்தப் பள்ளி எவ்வளவு தூரம் என்று விசாரித்துவிட்டுப் போனார். இப்போது கடற்கரைப் பள்ளியில் அஸருக்கு அவரையும் பார்க்கிறேன்.

நோன்பு மாதத்தில் கொஞ்சம் வழுக்கினேன். குளிசை நேரத்தை டொக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டுதான் நோன்பு பிடித்தேன். ஆனால் பள்ளிக் கஞ்சியைக் கண்டதும் கை கேட்கவில்லை. பெருநாளில் வட்டிலப்பமும் புரியாணியும் தின்று கால் வீங்கியது. முன்பென்றால் எல்லாம் போச்சு என்று விட்டிருப்பேன். இப்போது நிறை பார்த்து, கூடிய அன்றே கிளினிக்கில் காட்டி, அடுத்த வேளையிலிருந்து பழைய பாதையில் ஏறினேன். பிரஷர் ஒரே நாளில் இறங்கவில்லை. கடல் வற்றுகிற மாதிரித்தான், பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது, திரும்பிப் பார்த்தால் மணல் தெரியும். கிளினிக்கில் டொக்டர் அடுத்த முறையை இன்னும் தள்ளிப் போட்டார். தூரத் தவணை கிடைப்பதுதான் நோயாளிக்குச் சன்மானம். கொப்பியில் என்னவோ எழுதிவிட்டு, நஸீமாவைப் பார்த்து நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நியாயம்தான்.

என் நாக்கின் கதையைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா. போன மாதம் ஒரு வாடியில் பாரைக் கருவாடு பார்த்தோம். ரிஸ்வான் வளைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, முதல் தரம் என்றான். எனக்கும் கை அப்படித்தான் சொன்னது. ஆனாலும் அந்த வாடிக்குரிய ஒரு தரத்தைச் செலவழிப்போம் என்று, பாண் துகள் அளவு கிள்ளி நுனி நாக்கில் வைத்தேன். மெல்லக்கூட இல்லை. துப்பிவிட்டு, இதுக்கு ரெண்டு முறை உப்புப் போட்டிருக்கிறீர்கள் என்றேன். வாடிக்காரர் திகைத்துப் போனார். முதலில் போட்ட உப்பு மழையில் கரைந்துவிட்டதாம், யாருக்கும் தெரியாது என்று மறுபடி உப்புப் போட்டுக் காயவைத்தாராம். எத்தனையோ வருஷம் வாய் நிறைய மென்று பார்த்தபோது எனக்கு இது அகப்பட்டதே இல்லை. அத்தனை உப்பில் என் நாக்கு மரத்துப் போயிருந்தது. ஊரெல்லாம் புகழ்ந்த நாக்கு உண்மையில் இப்போதுதான் கண் விழித்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து எல்லோரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். கருவாடு இல்லை, பச்சைப் பாரை மீன் ஆணம், பீட்ரூட், முருங்கை இலைச் சுண்டல். உப்புப் பீங்கான் நடுவில் இருந்தது. நஸீமா சில கிழமைகளாக அதைத் திரும்ப வைக்கிறாள். நான் விரல் நுனியில் ஒரு பரல் மட்டும் தொடுவேன் என்று அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நான் அன்று அதையும் தொடாமல், பிஸ்மி சொல்லி ஆணத்தில் தோய்த்த முதல் கவளத்தை வாயில் போட்டேன். போட்டதும் நிறுத்திவிட்டேன்.

"நஸீமா, உப்புக் கூடிப்போச்சு."

எல்லோருடைய கையும் சஹனில் அப்படியே நின்றது. ஸஹ்ரா உம்மாவைப் பார்த்தாள். நஸீமா ஒரு விள்ளல் எடுத்து மெதுவாக மென்று பார்த்தாள். பிறகு, கல்யாணம் முடித்த புதிதில் பார்த்த மாதிரி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நான் உப்பே போடல்ல," என்றாள். "அது மீன்ட உப்பு."